துரை பங்களா – 7: மானாப்புல் கூரையும் ரயிலில் வந்த தகரமும்

சென்ற வாரம் மாத்தளையில் வந்து நின்றோம். கோப்பித் தோட்ட வேலைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை என்று காட்டுவழியே நடந்தவர்கள் மூட்டையை இறக்கிய இடம் அது. வழியில் விழுந்தவர்களை அங்கங்கே விட்டுவிட்டு வந்தவர்கள். 1841 முதல் 1848 வரை செத்தவர்கள் 70,000 பேர் இருக்கும் என்று அன்றைய ‘கொழும்பு ஒப்சேவர்’ பத்திரிகையே கணக்குச் சொன்னது.

அவர்கள் ஏறிய மலை அப்போதுதான் கைமாறியிருந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் சேனையையும் முடிக்குரிய நிலமாக்கியது. ஏக்கர் 5 ஷில்லிங். 1841இல் மட்டும் 78,685 ஏக்கர் விற்றது. வாங்கியவர்களில் அரசாங்க உத்தியோகத்தர்கள் பலர்.

இந்த வாரம் அந்த மலைமேல் எழுந்த வீட்டுக்குள் போகிறோம். ஒரு வீட்டுக்கு ஒரு வாரமா என்று கேட்கலாம். தோட்டத்தில் யார் யாரைப் பார்க்கலாம், யார் எந்த வாசலால் வரலாம், யார் எங்கே நின்று பேசலாம் என்பதற்கு எழுதிய சட்டம் எதுவும் கிடையாது. அதை எழுதி வைத்தது அந்த வீட்டின் சுவர்தான்.

* * *

1803: இரண்டு கட்டடங்கள்

இங்கிலாந்தில் டார்பிஷயர் என்றொரு மாவட்டம். அங்கே கெடில்ஸ்டன் என்ற நாட்டுப்புற மாளிகை இருக்கிறது. பெருநிலக்காரக் குடும்பமொன்றின் வீடு. 1760களில் ராபர்ட் ஆடம் என்ற கட்டடக் கலைஞர் அதற்கு உருவம் கொடுத்தார். நடுவில் தூண்கள் தாங்கிய பெரும் கட்டடம். அதிலிருந்து வளைந்து போகும் நடைக்கூடங்கள். நடைக்கூடத்தின் முடிவில் தனிக் கட்டடங்கள்.

கல்கத்தாவில் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி பிரபு தனக்கு ஓர் அரச மாளிகை கட்டினார். மாதிரியாக எடுத்துக்கொண்டது இந்தக் கெடில்ஸ்டனை. அந்த மாளிகை 1803இல் முடிந்தது. ஒரு நூற்றாண்டு கழித்து, கெடில்ஸ்டனில் பிறந்த கர்சன் பிரபுவே வைஸ்ராயாக அந்தக் கல்கத்தா மாளிகையில் வந்து குடியிருந்தார்.

அதே 1803இல் மாத்தளையிலும் ஆங்கிலேயர் ஒரு கட்டடம் எழுப்பினார்கள். கண்டிமேல் படையெடுத்த ஜெனரல் மக்டவலின் பெயரில் ஒரு கோட்டை. அந்த ஆண்டு ஜூனில் கண்டியில் ஆங்கிலப் படை அழிந்தபோது, இந்தக் கோட்டையைக் காத்தவர்கள் நோயில் கிடந்தவர்களை விட்டுவிட்டுத் திருகோணமலைக்குத் தப்பினார்கள்.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கல்கத்தாவில் வீடு கட்டும் தைரியம் வந்துவிட்டது. மாத்தளையில் இன்னும் மதில்தான் கட்ட முடிந்தது. வீடு என்பது பயமில்லாதவன் கட்டுவது. மாத்தளை மலையில் ஆங்கிலேயன் அந்த நிலைக்கு வர இன்னும் ஐம்பது ஆண்டு ஆனது.

* * *

முதல் பங்களா ஒரு குடிசை

இன்று பங்களா என்றதும் நம் கண்ணில் வருவது புல்தரை, ரோஜாப் பாத்தி, சிவப்புக் கூரை, கண்ணாடிச் சன்னல். கோப்பிக் காலத்தின் முதல் துரைமார் வாழ்ந்த வீட்டைப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

காட்டுக் கம்பை நட்டு, வரிச்சு கட்டி, மண் அப்பிய சுவர். மேலே மானாப்புல் அல்லது தாளிப்பனை ஓலை. மண் தரை. இரண்டு அறை, முன்னால் ஒரு சாய்ப்பு. மழை நாளில் புல்லுக்குள்ளிருந்து அட்டையும் தேளும் விழும். அயல் கிராமத்துச் சிங்கள விவசாயியின் வீட்டிலிருந்து இதைப் பிரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. அவர் வீடு இன்னும் நன்றாக மெழுகியிருந்திருக்கும்.

காரணம் எளிது. புதுத் தோட்டத்தில் பணம் முதலில் காடு வெட்டப் போனது. கண்டியச் சிங்களவர்கள் ஒப்பந்தத்துக்கு வெட்டிக் கொடுத்தார்கள். அடுத்து நாற்று மேடைக்கும் பாதைக்கும் போனது. பிறகு கோப்பி ஸ்டோர். பழத்தின் சதையை அரைத்து நீக்க ஓர் இடம், கொட்டையைக் காயப்போட ஒரு சாந்துத் தளம், மழைக்கு முன் அள்ளி வைக்கக் காற்றோடும் ஒரு மாடம். ஈரம் ஏறினால் ஓர் ஆண்டு உழைப்பும் போயிற்று. ஆகவே தோட்டத்தில் முதலில் உறுதியாக நின்றது கோப்பிக்கான வீடு. மனிதருக்கான வீடு, துரையானாலும் சரி, பிறகுதான்.

‘பங்களா’ என்ற பெயரே வங்காளத்துக் குடிசையிலிருந்து வந்தது. பெயர் பொருத்தமாக இருந்த காலம் அந்தச் சில ஆண்டுகள் மட்டும்தான்.

* * *

ஜூலை 28, 1848

1847இல் கோப்பி விலை விழுந்தது. கடன் வாங்கி நட்டவர்கள் கைவிட்டுப் போனார்கள். மூடிய தோட்டங்களில் கூலி கிடைக்காத தமிழர்கள் நின்றார்கள். ஊருக்குத் திரும்ப வந்த வழியே நடக்க வேண்டும்.

அரசாங்கத்தின் பெட்டியும் காலி. ஆளுநர் டொரிங்டன் புது வரிகள் போட்டார். துப்பாக்கிக்கு 2 ஷில்லிங் 6 பென்ஸ். நாய்க்கு 1 ஷில்லிங். கடைக்கு, படகுக்கு, வண்டிக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆண்டுக்கு 6 நாள் தெருவேலை, இல்லையென்றால் 3 ஷில்லிங். யாருக்காகத் தெரு? கோப்பி இறங்கிப் போக. கிராமத்தவன் இதைப் புரிந்துகொள்ள யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஜூலை 26. வரியை எதிர்த்துக் கிளர்ந்தவர்கள் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டாவை அரசனாக முடிசூட்டினார்கள். பக்கத்தில் இன்னொரு கிளர்ச்சித் தலைவர் புரன் அப்பு.

ஜூலை 28. கூட்டம் தெற்கே இறங்கி மாத்தளைக்குள் வந்தது.

இங்கே கொஞ்சம் நிற்போம். இந்தத் தொடரின் நோக்கில் எனக்கு முக்கியமான கேள்வி ஒன்றுதான்: கைக்குத் தீ கிடைத்தபோது அவர்கள் எந்தக் கட்டடத்தை நோக்கிப் போனார்கள்?

அரசாங்கக் கட்டடங்களுக்குப் போனார்கள். வரி ஏடுகள் எரிந்தன. கோப்பி ஸ்டோர்களைத் தாக்கினார்கள். தங்களை அழுத்துவது எந்தச் சுவருக்குள் இருக்கிறது என்று அந்தக் கூட்டத்துக்குத் தெரிந்திருந்தது. ஒன்றில் வரிக் கணக்கு இருந்தது; மற்றதில் அந்தக் கணக்கு யாருக்காக எழுதப்பட்டதோ அந்தப் பொருள் இருந்தது. புல் வேய்ந்த பங்களா அந்த வரிசையில் பெரிய இடம் பிடிக்கவில்லை. அதிகாரம் அப்போது வீட்டில் குடியிருக்கவில்லை.

மறுநாள், ஜூலை 29. மாத்தளைக்குப் பக்கத்தில் வாரியப்பொல கோப்பித் தோட்டம். கப்டன் லில்லியின் படை அங்கே கூட்டத்தை எதிர்கொண்டது. கட்டுப்பாடாகச் சுடத் தெரிந்த சிப்பாய்களுக்கு முன்னால் கத்தியும் பழைய துப்பாக்கியும் நிற்கவில்லை. அன்றே கண்டியில் இராணுவச் சட்டம் வந்தது. ஓகஸ்ட் 8இல் கண்டி போகம்பரையில் புரன் அப்பு சுடப்பட்டார்.

அரசன் மட்டும் அகப்படவில்லை. தலைக்கு 150 பவுண் விலை. செப்டெம்பர் 21இல் மலாய்ச் சிப்பாய்கள் அவரைப் பிடித்தார்கள். பிடித்த இடம் எல்கடுவை. குகையொன்றில் ஒளிந்திருந்தார். தூக்கு என்று தீர்த்து, பிறகு கசையடியும் நாடுகடத்தலுமாகக் குறைத்து, மலாயாவுக்கு அனுப்பினார்கள். 1849 டிசம்பரில் அங்கேயே இறந்தார்.

கண்டியின் கடைசி முடி குகைக்குள் ஒளிந்த அந்த எல்கடுவைச் சரிவுகளில்தான் பின்னாளில் கற்பங்களாக்கள் எழுந்தன. அங்கே போகும்போதெல்லாம் இது என் மனதில் வந்து நிற்கும்.

* * *

கல் வந்தது

1850களில் விலை மீண்டது. தோட்டங்கள் கைமாறி, கொழும்புக் கம்பனிகளும் வங்கிகளும் பின்னால் நின்று பணம் கொடுத்தன. மாத்தளை மலை இனிக் கையை விட்டுப் போகாது என்ற நம்பிக்கை வந்தது. 1803இன் கோட்டை இருந்த வளவுக்குள்ளேயே 1860இல் கிறிஸ்து தேவாலயம் எழுந்தது. வளவின் ஒரு பகுதி கல்லறையானது. மதில் தேவைப்பட்ட இடத்தில் மணி தொங்கியது.

இன்னொன்றும் நடந்தது. துரைமார் தனியாட்களாக வந்து காய்ச்சலில் செத்த காலம் போய், துரைசாணிமார் வரத் தொடங்கினார்கள். மண் தரையில் ஒரு துரைசாணியை இருத்த முடியாது.

அப்போதுதான் நமக்குத் தெரிந்த பங்களா எழுந்தது. அதைச் சுற்றி ஒருமுறை நடந்து வருவோம். மாத்தளை மலையில் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் அடிப்படை ஒன்றுதான்.

இடம்: ஒரு மேடு. மேட்டின் தலையை வெட்டிச் சமப்படுத்தியிருப்பார்கள். வெட்டிய மண்ணைச் சுமந்தவர்கள் நம் ஆட்கள்.

அடித்தளம்: கருங்கல். நிலத்திலிருந்து இரண்டு மூன்றடி உயர்த்திய மேடை. சுவரும் கல்தான், பூச்சுக்குச் சுண்ணாம்பு. மாத்தளையைச் சுற்றியே சுண்ணாம்புப் பாறை உண்டு. அதைச் சூளையில் சுட்டெடுத்தார்கள். மரவேலைக்குக் கரையோரத்துச் சிங்களத் தச்சர்கள் வந்தார்கள்; மொரட்டுவைத் தச்சருக்கு மலைநாடெங்கும் பெயர். கதவுக்கும் சட்டத்துக்கும் பலா. பணம் தாராளமாக இருந்தால் வடக்கே வறண்ட காட்டிலிருந்து முதிரை.

முகப்பு: வீட்டின் அகலம் முழுக்க வராந்தா. நடுவில் படிக்கட்டு. படியேறினால் முன் கூடம், அதன் பின்னால் சாப்பாட்டு அறை. இருபுறமும் படுக்கை அறைகள். மாத்தளை நகருக்குப் பக்கத்துத் தாழ்ந்த தோட்டங்களில் வெயில் சுடும். அங்கே வராந்தா அகலம், கூரை உயரம். எல்கடுவை, நக்கிள்ஸ் பக்கம் உயர ஏற ஏற வராந்தா சுருங்கும். அதன் இடத்தில் கண்ணாடி போட்ட பிதுங்கு சன்னல் வரும். கூடத்தில் கணப்பு, கூரைக்கு மேல் புகைபோக்கி. ஒரே மாவட்டத்துக்குள் பாதி வங்காளமும் பாதி இங்கிலாந்துமாக இந்த வீடுகள் நிற்கும்.

இதுவரை அழகுதான். நானும் ரசிப்பேன். மழை விட்ட மாலையில் அந்த வராந்தாவில் நின்று பள்ளத்தாக்கைப் பார்ப்பதற்கு ஈடாக இந்த நாட்டில் அதிகம் இல்லை.

இனிப் பின்பக்கம் வாருங்கள்.

ஒவ்வொரு படுக்கை அறைக்கும் பின்னால் ஒரு குளியலறை. ஒவ்வொரு குளியலறைக்கும் வெளிப்பக்கம் திறக்கும் ஒரு சின்னக் கதவு. அந்தக் கதவு வாசக்கூட்டிக்கானது. குழாய்க் கழிவறை வராத காலம். வீட்டார் எழுமுன் அந்தக் கதவால் வந்து, வாளியை எடுத்துக்கொண்டு, அந்தக் கதவாலேயே போய்விட வேண்டும். வீட்டுக்குள் நாள்தோறும் வந்துபோன ஒருவரை அந்த வீட்டார் பார்க்க வேண்டியதே இல்லாதபடி ஒரு கதவு.

குசினி வீட்டோடு ஒட்டாது. சில கஜம் தள்ளி, கூரை போட்ட ஒரு நடைபாதை. புகைக்கும் நெருப்புக்கும் பயந்து செய்த ஏற்பாடு என்பார்கள், அது உண்மைதான். குசினிப் பேச்சு சாப்பாட்டு அறைக்குள் கேட்காது என்பதும் உண்மை. குசினியில் சமைத்ததை நடைபாதையால் எடுத்து வந்து, இடையில் உள்ள சிற்றறையில் தட்டுக்கு மாற்றி, அப்பு என்ற பரிசாரகர் மேசைக்குக் கொண்டு போவார். அப்புவுக்கு வெள்ளை உடுப்பு. குசினி ஆட்களுக்கு அந்தச் சிற்றறைதான் எல்லை.

என் அம்மாயி எல்கடுவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பங்களாக் குசினியில் வேலை செய்தவர். கோப்பிக் காலம் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு; ஆனால் சுவர்கள் அதே சுவர்கள். குசினியிலும் அந்தச் சிற்றறையிலும் என்ன சாமான் எங்கே இருந்தது என்று சொல்வார். முன் கூடத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும், “முன்னால எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாது, புள்ள. நான் பின்னாலதானே இருந்தேன்” என்பார். சின்ன வயதில் எனக்கு அது புரியவில்லை. ஒரே வீட்டில் அத்தனை வருடம் வேலை செய்த ஒருவருக்கு அந்த வீட்டின் முகம் தெரியாது.

இந்தப் பின்வாசல் ஒழுங்கு மாத்தளையில் பிறந்ததில்லை. 1864இல் லண்டனில் ராபர்ட் கெர் என்ற கட்டடக் கலைஞர் கனவான்களின் வீட்டை எப்படித் திட்டமிடுவது என்று ஒரு பெரிய நூல் எழுதினார். அதன் தலையாய விதி, குடும்பத்தாரும் வேலையாட்களும் ஒருவர் கண்ணுக்கும் காதுக்கும் மற்றவர் எட்டாதபடி வீடு இருக்க வேண்டும் என்பது. அதற்காக இங்கிலாந்து மாளிகைகளில் பின்படிக்கட்டு, மறைவான நடைக்கூடம், தனிக் கட்டு. அந்த விதியைக் கருங்கல்லில் கட்டி, அதன்மேல் நிறத்தையும் சாதியையும் பூசியதுதான் நம் பங்களா.

* * *

கண்ணுக்கு மறைந்த ஊர், கண்ணுக்குள் வைத்த ஊர்

மறுபடி டார்பிஷயருக்குப் போக வேண்டும். கெடில்ஸ்டன் இருக்கும் அதே மாவட்டத்தில் சாட்ஸ்வர்த் என்ற இன்னும் பெரிய மாளிகை; டெவன்ஷயர் பிரபுக்களுடையது. அதன் எதிரே எடென்சர் என்று ஒரு கிராமம் இருந்தது. பிரபுவின் சன்னலிலிருந்து பார்த்தால் குடியானவர் வீடுகள் தெரியும். 1838க்கும் 1842க்கும் இடையில் ஆறாவது பிரபு அந்தக் கிராமத்தை மாளிகையின் பார்வைக்கு எட்டாத இடத்தில் புதிதாகக் கட்டிவைத்தார். சன்னலுக்கு வெளியே புல்வெளி மட்டும் மிஞ்சியது.

ஆண்டுகளைக் கவனித்தீர்களா? சரியாக அதே ஆண்டுகளில்தான் இங்கே காட்டுச் சட்டம் வந்து, மாத்தளை மலை ஏக்கர் 5 ஷில்லிங்குக்குப் போனது.

ஆங்கில நாட்டுப்புற மாளிகையின் அழகு, உழைப்பவரைக் கண்ணிலிருந்து மறைத்ததில் இருக்கிறது. மாத்தளையில் அதை அப்படியே செய்ய முடியவில்லை. ஏனென்றால் இங்கே வீட்டுக்காரன் வாடகை வாங்கிச் சாப்பிடும் பிரபு இல்லை. அவன் மேற்பார்வைக்காரன். விடியற்காலைப் பிரட்டுக்கு யார் வந்தார், யார் வரவில்லை என்று பார்க்க வேண்டியவன். செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பெயர் போட வேண்டியவன். ஆகவே வராந்தாவின் ஒரு முனையில் ஓர் ஆபீஸ் அறை வந்தது. மேட்டிலிருந்து ஸ்டோரும், மலைச்சரிவும், தொழிலாளர் லயத்துப் புகையும் தெரியும்படி வீட்டைத் திருப்பினார்கள்.

வீட்டுக்குள் மறைக்க வேண்டும். வீட்டுக்கு வெளியே கண்ணில் வைத்திருக்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்த இடம்தான் வராந்தா. அங்கிருந்து துரை எல்லாரையும் பார்க்கலாம். கீழே நிற்பவருக்குத் தெரிவது நிழல்.

அந்த வராந்தாவிலிருந்து தெரிந்த லயத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பங்களாவைப் பற்றி எழுதும் அழகான படப் புத்தகங்கள் லயத்தைப் பற்றிப் பேசுவதில்லை. எனக்கு இரண்டும் ஒரே வரைபடம். நீளமாக ஒரு சுவர். அதைக் குறுக்கே வெட்டி வரிசையாக அறைகள். ஓர் அறை 10 அடிக்கு 12 அடி. பேச்சுவழக்கில் எட்டடிக் காம்பரா. முன்னால் ஓர் இஸ்தோப்பு. சன்னல் இருந்தால் ஒன்று. சில லயங்களில் நடுச்சுவரின் இருபக்கமும் அறைகள் முதுகோடு முதுகாக. காற்று ஒரு வழியால் வந்து அதே வழியால் போக வேண்டும். சமையலும், பிள்ளைப்பேறும், சாவும் அந்த 120 சதுர அடிக்குள். மேட்டு வீட்டில் குசினிக்குத் தனிக் கட்டடம் தேவை என்று நினைத்தவர்கள்தான் இதையும் வரைந்தவர்கள்.

காம்பரா, இஸ்தோப்பு, குசினி. காம்பராவும் குசினியும் போர்த்துக்கீசர் விட்டுப்போனவை, இஸ்தோப்பு ஒல்லாந்தர் விட்டுப்போனது. மலையில் நம் வீட்டின் பாகங்களுக்கு நம் மொழியில் பெயர் வைக்கக்கூட அவகாசம் கிடைக்கவில்லை.

* * *

கீழே ஒரு மரத்தடி

மேட்டில் கல் ஏறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், கீழே மாத்தளையில் இன்னொரு கட்டடம் மெல்ல எழுந்தது.

வயலாக இருந்த ஒரு துண்டு நிலம். மரத்தடியில் ஒரு சிலை. நடந்து களைத்து வந்தவர்கள் மலையேறுமுன் கும்பிட்டுப் போக ஓர் அம்மன். அந்த நிலம் 1852இல் கோயிலுக்கு நன்கொடையாக வந்தது. 1874இல் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் பணத்தில் முத்துமாரியம்மனுக்குக் கோயில் கட்டப்பட்டது.

தொழிலாளி லயத்து அறையில் தனக்கென்று ஒரு செங்கல்கூட வைக்க முடியாது. நாளைக்கே கங்காணி வேறு தோட்டத்துக்குக் கூட்டிப் போகலாம். கோயிலில் வைத்தது மட்டும் நிற்கும். மாத்தளை மண்ணில் நம் கைக்குச் சொந்தமாக நின்ற முதல் பெரிய கட்டடங்களில் ஒன்று அது. 1983இல் அதற்கும் நெருப்பு வந்தது. அந்தக் கதைக்கு இந்தத் தொடர் பிறகு வரும்.

* * *

ரயிலும் துருவும்

1869 என்ற ஆண்டை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள்.

அந்த ஆண்டு சுயெஸ் கால்வாய் திறந்தது. லண்டன் கிட்ட வந்தது. அந்த ஆண்டு இங்கிலாந்தின் கென்ட் கரையில், கடற்காற்று வாங்க வரும் பணக்காரர்களுக்காக ‘பங்களா’ என்ற பெயரில் வீடுகள் கட்டத் தொடங்கினார்கள். வங்காளக் குடிசை உலகம் சுற்றி இங்கிலாந்துக்கே குடிபோனது. அந்த ஆண்டுதான் மடுல்சீமையில் கோப்பி இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் பொடி காணப்பட்டது. விரலால் தொட்டால் ஒட்டும். இலைத் துரு.

யாரும் பயப்படவில்லை. இதுதான் இந்தக் கதையின் மிகக் கனமான திருப்பம் என்று நினைக்கிறேன். 1870இல் இலங்கை பத்து லட்சம் அந்தருக்கு மேல் கோப்பி ஏற்றுமதி செய்தது. விளைச்சல் குறைந்தாலும் விலை ஏறிக்கொண்டே போனதால் நட்டம் கண்ணுக்குத் தெரியவில்லை. மேலும் காடு வெட்டினார்கள். மேலும் கடன் வாங்கினார்கள். வீட்டைப் பெரிதாக்கினார்கள்.

கண்டிக்கு ரயில் 1867இலேயே வந்துவிட்டது. மாத்தளைக்கு நீட்டச் சொல்லித் துரைமார் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1880 ஒக்டோபர் 4இல் அந்தப் பாதையும் திறந்தது.

ரயில் வந்தால் கட்டடம் மாறும். அதுவரை கண்டியிலிருந்து மாட்டு வண்டியில் ஏறி வந்த கனச் சாமானெல்லாம் இனி மாத்தளை ஸ்டேஷனிலேயே இறங்கும். இரும்புக் கணப்புத் தட்டு, சன்னல் கண்ணாடி, பீங்கான் தொட்டி, பியானோ. எல்லாவற்றுக்கும் மேலாக, நெளிதகரம்.

அந்த நெளிதகரம் லண்டன் துறைமுகத்தில் பிறந்தது. அங்கே பொறியியலாளராயிருந்த ஹென்றி பாமர் 1829இல் அதற்கு உரிமை பெற்றார். தகட்டை நெளித்தால் மெல்லியதும் வளையாமல் நிற்கும், அதிகச் சட்டம் வேண்டாம், மானாப்புல்லைப் போல அடிக்கடி மாற்ற வேண்டாம், மரச் சிலாகையைப் போல உளுக்காது, தீப்பிடிக்காது. மழை பெய்தால் காது கிழியும் என்பதற்காகக் கீழே பலகை அடித்தார்கள். துருப்பிடிக்காமல் இருக்கச் சிவப்புப் பூச்சு. நாம் தூரத்திலிருந்தே ‘அதோ பங்களா’ என்று காட்டும் அந்தச் சிவப்பு, இப்படி வந்தது. லயத்துக்கும் தகரம் வந்தது, பலகைதான் வரவில்லை.

கோப்பியைக் கொண்டு போகக் கேட்ட ரயில் அது. வந்து சேர்ந்தபோது ஏற்றக் கோப்பி குறைந்துகொண்டிருந்தது. அதே 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் துருவை ஆராய வந்திருந்தார். பூஞ்சணம் எப்படிப் பரவுகிறது என்று தெளிவாகக் காட்டினார். மலைமேல் மலையாக ஒரே பயிரை நட்டுவைத்திருக்கும்போது காற்றுக்கு யார் வேலி போடுவது? மருந்து இல்லை.

கண்ணாடிக்குப் பின்னால் நின்று துரைமார் பார்த்த மலை, இலை உதிர்ந்து குச்சியாக நின்றது.

1884 மே மாதம் ஓரியண்டல் வங்கி கதவைச் சாத்தியது. தோட்டங்களுக்குப் பணம் கொடுத்த வங்கி. அதன் நோட்டுகள்தான் ஊரில் புழங்கிய காசு. கோப்பிக் காலத்துத் துரைமார் 1,700 பேரில் மலையில் தங்கியவர்கள் 400 பேர்தான் என்று சொல்லப்படுவது இந்த வீழ்ச்சியைப் பற்றித்தான். மற்றவர்கள் தகரம் வந்த அதே ரயிலில் இறங்கிப் போனார்கள்.

மேட்டில் வீடு இருந்தது. புதிய தகரம், பூச்சு காயாத சன்னல், எரிக்காத கணப்பு. கீழே லயத்தில் ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்கு ஏறிப்போக ரயில் கூலியும் இல்லை, மாதக்கணக்கில் வாங்காத சம்பளப் பாக்கி மட்டும் இருந்தது. காலையில் பிரட்டுக்கு வந்து நின்றால், வராந்தாவில் யாருமில்லை.

அந்த ஆபீஸ் அறையைத் திறந்து, அடுத்த செக்ரோலில் கையெழுத்துப் போடப்போவது யார்?

(தொடரும்)